திருவல்லிக்கேணியில் பழைய வீட்டில் குடியேறலாமா?

கேள்வி: வைகைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் அலுவலகம் ஒன்றுக்கு எனக்கு மாறுதல் ஆணை வந்திருப்பதால், பள்ளிகள் திறப்பதற்குள் மதுரையிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருக்கிறது. வீட்டில் நான், என் கணவர், எட்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மகள், எழுபது வயதைக் கடந்த மாமியார் என நான்கு பேர். கணவர் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்.

இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்று, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு அருகே, ஒரு குறுகிய தெருவில் உள்ள பழைய வீட்டின் மாடிப் போர்ஷன். இரண்டு அறைகள், சிறிய சமையலறை, தெருவைப் பார்த்த தாழ்வாரம், மேலே பொது மொட்டைமாடி. கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். மற்றொன்று, சோழிங்கநல்லூர் பக்கம் மின்தூக்கி, வாகன நிறுத்தம், காவலாளி எல்லாம் உள்ள அடுக்ககத்தில் ஒரு வீடு. வாடகையில் பெரிய வேறுபாடு இல்லை. திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து நான் அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். சோழிங்கநல்லூர் என்றால் போக்குவரத்திலேயே நாளின் பெரும்பகுதி போய்விடும்.

மனம் திருவல்லிக்கேணியைத்தான் நாடுகிறது. ஆனால் மாமியாருக்குப் படியேறுவது கடினமாகிவிடுமோ, தண்ணீர் உப்பாக இருக்குமோ, திருவிழாக் கூட்டமும் இரைச்சலும் மகளின் படிப்பைக் கெடுக்குமோ, எங்களிடமுள்ள காரை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கவலையாக இருக்கிறது. அங்கே வாழ்பவர்களும் வாழ்ந்தவர்களும் உள்ளது உள்ளபடி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: குளக்கரைவாசி

வணக்கம் அம்மா. மூன்று தலைமுறையாக இந்தக் குளத்தைச் சுற்றியே எங்கள் குடும்பம் வாழ்ந்து வருகிறது. ஆகவே என் சொல்லில் ஊர்ப்பாசம் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

திருவல்லிக்கேணியில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்க்க வேண்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. இங்கே வீடுகள் சிறியவை. வாழ்க்கையின் பாதி வீட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. காலையில் குளக்கரையை வலம் வருகிறோம், மாலையில் கோயில் வாசலிலும் பெரிய தெருவிலும் நிற்கிறோம், இரவு உணவுக்குப் பின் கடற்கரை வரை நடக்கிறோம். குளத்தருகிலிருந்து மெரினா மணலுக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். காய்கறிக்கு ஜாம் பஜார், மளிகைக்கு 1904-இல் இந்த ஊரிலேயே தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் கடைகள், பழைய பாடநூல்களுக்குப் பாரதி சாலை நடைபாதைக் கடைகள், மின்னணுச் சாமான் எதுவானாலும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மகப்பேற்றுக்குப் பெயர்பெற்ற கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையும் நடக்கும் தொலைவில்தான். உங்கள் மகளுக்குப் பெண்கள் பள்ளி தேடினால், என்.கே.டி. தேசியப் பெண்கள் பள்ளியும் லேடி வெலிங்டன் பள்ளியும் பக்கத்திலேயே உள்ளன. ஆண்டின் பாதியை இந்த எல்லைக்குள்ளேயே, எந்த வண்டியிலும் ஏறாமல் கழித்துவிடும் முதியவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள்.

திருவிழாக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம்; பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு கோயிலுக்குள் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாக ஓடும் நாட்காட்டிக்கு நாம்தான் இணங்கிப் போக வேண்டும். சித்திரையில் பார்த்தசாரதிக்கும் ஆனியில் இதே கோயிலின் நரசிம்மரான தெள்ளிய சிங்கருக்கும் பிரம்மோற்சவம், மாசியில் தெப்பம், மார்கழியில் விடியலுக்கு முன்பே திருப்பாவை. வைகுண்ட ஏகாதசியன்று மாட வீதிகளில் தடுப்புக் கட்டைகள் போட்டுவிடுவார்கள். முதல்நாள் இரவிலிருந்தே வரிசை நிற்கும். அன்று உங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது. ஆனால் இந்த நாட்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. தேர்வுக் காலத்தில் அவை எங்கே விழுகின்றன என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திட்டமிடலாம். எங்கள் பிள்ளைகள் இந்த ஒலிகளுக்கு நடுவேதான் படித்து மேலே வந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்தவை நாகஸ்வரமும் பிரபந்த கோஷ்டியும் அல்ல, நடு இரவில் ஒலிப்பானை அழுத்தியபடி போகும் இருசக்கர வண்டிகள்தான்.

மாமியாரைப் பற்றி எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பகலில் பேச ஆள் இருக்கும் ஊர் இது. கீழே வீட்டுக்காரர், எதிர்வீட்டுத் திண்ணை, பூக்காரம்மா, கோயில் என்று நாள் ஓடிவிடும். முதியவர்களுக்கு வசதியான அடுக்ககத்தைவிட ஆள் நடமாட்டம் பெரிய துணை என்று நான் கருதுகிறேன். படிகள் மட்டும் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். இங்குள்ள பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் இருட்டாகவும் இருப்பதுண்டு. ஒரு பக்கம் பிடிமானமே இருக்காது. இரு பக்கமும் கைப்பிடி பொருத்தித் தர முடியுமா என்று குடியேறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பதில்: சுண்ணாம்பும் செங்கல்லும்

பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தேக்கு உத்திரங்களுக்கு மேல் குறுக்குக் கட்டைகளும், அவற்றின்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கற்களும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். சுண்ணாம்புக் காரையில் பதித்த செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு என்று அடுக்கடுக்காகப் போடப்பட்ட தளம் அது. கான்கிரீட் தளத்தைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். அதற்குப் பகை இரண்டு. மொட்டைமாடியில் நீர் வடியாமல் தேங்குவது ஒன்று. கைப்பிடிச்சுவர் ஓரத்தில் முளைக்கும் அரசங்கன்று மற்றொன்று. உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்தோ பூசணம் படிந்தோ இருந்தால், அங்கே ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் மாவாக உதிர்ந்தால் அந்த வீடு வேண்டாம். உறுதியாக இருந்தால் அந்தக் கூரை இன்னும் பல காலம் நிற்கும்.

கடலுக்கு அருகே உள்ள பழைய செங்கற்சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு வரை வெள்ளையாக உப்புப் பூப்பதைக் காண்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியே ஆவியாகிக்கொண்டே இருந்தது. பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் வண்ணம் அடித்த வீடுகளில் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் உயரே ஏறி, பூச்சு பொருக்கு பொருக்காகப் பெயர்கிறது. நீங்கள் பார்த்திருப்பது மாடிப் போர்ஷன் என்பதால் தரை ஈரம் உங்களை அவ்வளவாகத் தொடாது. கூரைக் கசிவே உங்கள் கவலை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையின் தடயங்களைத் தேடுங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் மூலைகளில் கையை வைத்துப் பாருங்கள். கறையை மறைத்தாலும் ஈரத்தின் குளிர்ச்சி கையில் தெரியும்.

பழைய வீட்டை விட்டுவிட்டு அறுபது, எழுபதுகளில் கட்டிய கான்கிரீட் கட்டடம் எதையாவது பார்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்து, கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாக விழுகிறது. பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் கடலோரத்தில் நன்கு பராமரித்த சுண்ணாம்பு வீடு, பராமரிக்காத கான்கிரீட் வீட்டைவிட நம்பத்தக்கது.

தண்ணீர். இந்தப் பகுதி கடலோர மணற்பரப்பின்மேல் அமைந்தது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு வேகமாக உறிஞ்சினால் அந்தப் படலம் கரைந்து கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். ஆழம் குறைந்த பழைய உறைகிணறு இருக்கும் வீட்டில், போர் மட்டும் இருக்கும் வீட்டைவிட நல்ல தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயை வளைத்து விட்டதோடு சரி. உங்கள் வீட்டில் மாடி மழைநீர் உண்மையாகவே கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறதா என்று குழாயைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, கீழ்த்தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், மோட்டார் போடும் பொறுப்பு யாருடையது, தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2019 கோடையில் அந்த வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்ற நான்கு கேள்விகளையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தரும் பதில்தான் முக்கியம்.

உங்கள் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் மின்கம்பி இணைப்பு பழையதா, நில இணைப்பு (எர்த்) சரியாக இருக்கிறதா என்பதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துச் சோதிப்பது நல்லது.

பதில்: முன்னாள் அல்லிக்கேணியார்

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். இருந்தாலும் நான் என் பெற்றோருக்காகவே திருவல்லிக்கேணியை விட்டுப் புறநகர் போனவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தந்தைக்கு இரவில் மூச்சுத் திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. இருபுறமும் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த இரவுக்குப் பின் எனக்கு அங்கே தூக்கம் வரவில்லை. மாமியாருக்கு இதய நோயோ மூட்டு நோயோ இருந்தால், வீட்டு வாசல் வரை ஒரு வாகனம் எந்த நேரத்திலும் வந்து நிற்க முடியுமா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். மாட வீதிகளில் திரியும் மாடுகளும் முதியவர்களுக்கு உண்மையான ஆபத்துதான். இதில் மாநகராட்சி இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கார் இருந்தால் அதை விற்றுவிடுங்கள், அல்லது சோழிங்கநல்லூருக்குப் போங்கள். நடுவழி கிடையாது. தெருவில் நிறுத்தினால் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வரும், தேர் நாட்களில் அப்புறப்படுத்த வேண்டும், உப்புக்காற்றில் அடிப்பகுதி துருப்பிடிக்கும்.

பதில்: நெடுஞ்சாலைப் பக்கத்தவள்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இதுவரை எழுதியவர்கள் குளத்தைச் சுற்றியுள்ள நான்கைந்து தெருக்களையே திருவல்லிக்கேணியாகப் பேசியிருப்பதால், நான் மேற்குப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் இன்றும் நெடுஞ்சாலை என்றே அழைக்கும் காயிதே மில்லத் சாலையில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காட்டு நவாபு வாலாஜா முகம்மது அலியின் குடும்பத்தார் 1795-இல் கருங்கல்லில் எழுப்பியது. அதில் பொறித்திருக்கும் பாரசீக ஆண்டுச் செய்யுளை இயற்றியவர் நவாபின் அந்தரங்கச் செயலராக இருந்த மக்கன்லால் கீரத் என்ற இந்து அறிஞர். ரமலான் மாதத்தில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள், நாட்டுப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த குடும்பங்களின் வழியினர், பல்லாண்டுகளாக இங்கே வந்து நோன்பு திறப்பவர்களுக்கு உணவு பரிமாறுகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் மகள் வளரப்போகும் ஊர் எப்படிப்பட்டது என்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மார்கழியில் உங்கள் தெரு விழித்திருக்கும், ரமலானில் எங்கள் தெரு விழித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் தொலைவுதான்.

நீங்கள் அலுவலகம் செல்லும் பெண் என்பதால் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். இங்கே மேன்ஷன்கள் நிறைய. வேலைக்காகவும் தேர்வுகளுக்குப் படிப்பதற்காகவும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள் அந்த ஒற்றை அறைகளில் வாழ்கிறார்கள். மேன்ஷன் இருக்கும் தெருவில் பெண்பிள்ளைகள் நடமாடுவது பாதுகாப்பா என்று வெளியூர்க்காரர்கள் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் நேர்மாறானது. அவர்களுக்காகவே உணவகங்களும் தேநீர்க் கடைகளும் நகலகங்களும் நெடுநேரம் திறந்திருக்கின்றன. இரவு பத்து மணிக்குக் கல்லூரியிலிருந்து திரும்பும் என் தங்கை வெளிச்சமும் ஆளும் உள்ள சாலையில்தான் வீட்டுக்கு வருகிறாள். ஆள் இல்லாத அகன்ற சாலைகளில்தான் எனக்கு அச்சம் தோன்றுகிறது.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என இரண்டு பறக்கும் ரயில் நிலையங்களும், அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் எட்டும் தொலைவில் உள்ளன. கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் பாதை அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்டு இறுதியிலிருந்து 2024 அக்டோபர் இறுதி வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது எங்களுக்குப் பெரும் சிரமமாக இருந்தது. இப்போது மீண்டும் கடற்கரை வரை ஓடுகிறது. நிலையங்களுக்கு அடியில் பக்கிங்காம் கால்வாய் போவதால் அந்த ஓரத்தில் கொசுவும் கழிவுநீர் நாற்றமும் உண்டு. கால்வாயை ஒட்டிய வீடு என்றால் நான் வேண்டாம் என்பேன்.

கேள்வியாளர்: வைகைக்கரையாள்

இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஆம்புலன்ஸ் பற்றி எழுதிய ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அதைப் படித்தபின் கணவர் தெருவை அளந்து வரச் சென்னையில் உள்ள உறவினரை அனுப்பினார். எங்கள் வீடு தெருமுனையிலிருந்து மூன்றாவது என்பதால் வாசல் வரை வாகனம் வரும் என்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி உண்டு, இதய நோய் இல்லை. காரை என் தம்பியிடம் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார், ஒப்பந்தம் எழுத வேண்டாம், வாய்ச்சொல்லே போதும் என்கிறார். இது இங்குள்ள வழக்கமா? இரண்டாவது, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவது எப்படி இருக்கும்?

பதில்: குளக்கரைவாசி

பத்து மாத முன்பணம் சென்னையின் பழைய வழக்கம்தான் அம்மா, ஆனால் இப்போது அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகையாளர் உரிமைகள் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நீங்கள் மூன்று மாதத்திலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். எங்கே வந்து நின்றாலும் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் கீழேயே குடியிருப்பவர் என்பதால் அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இங்கே பலர் வாய்ச்சொல்லிலேயே வாழ்ந்து பழகியவர்கள். ஆனால் அவருக்குப்பின் அவர் பிள்ளைகளோடு நீங்கள் பேச வேண்டிய நாள் வந்தால் காகிதம் மட்டுமே பேசும். கைப்பிடி, மழைக்காலக் கசிவுப் பழுது, மோட்டார் நேரம், மொட்டைமாடியில் துணி உலர்த்தும் உரிமை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். பொது மொட்டைமாடிதான் இந்த ஊரில் அதிகமாகச் சண்டை நடக்கும் இடம். அதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

போட்டி நாட்களில் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், பேருந்து சுற்றிப் போகும். நீங்கள் நடந்து வருபவர் என்பதால் மற்றவர்களைப் போல அல்லல்படத் தேவையில்லை. எழிலகத்திலிருந்து காமராசர் சாலை வழியாகத் தெற்கே வந்து, பாரதி சாலையில் திரும்பினால் அரங்கக் கூட்டத்தைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். கடற்கரையில் மாபெரும் நிகழ்ச்சி நடக்கும் நாள்தான் வேறு கதை. 2024 அக்டோபர் 6-இல் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தபோது வெயிலிலும் நெரிசலிலும் உயிர்களே போயின. எங்கள் சந்துகள் வரை கூட்டம் நிறைந்தது. அன்று தெருவில் இருந்த வீடுகள் பலவற்றில் வாசலில் தண்ணீர்க் குடம் வைத்தோம். அத்தகைய நாட்களில் மாமியாரை வெளியே அனுப்பாமல், மருந்தும் பாலும் முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: சுண்ணாம்பும் செங்கல்லும்

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை நண்பகலில் போய்த் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் முற்பகல் முடியும்போதோ நண்பகலிலோ கடற்காற்று இறங்கும். மேற்குக் காற்று வலுத்த நாட்களில் பிற்பகல் வரைகூடத் தாமதமாகும். கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்றால் அந்தக் காற்று நேராக உள்ளே வரும். எதிரே புதிதாக எழும்பிய மாடிக் கட்டடம் அதை மறைத்திருந்தால், கணவர் நாள் முழுதும் வேலை செய்யும் அறைக்குக் குளிர்சாதனம் தேவைப்படும். அதன் வெளிப்பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் மாட்டாமல் உள்முற்றத்துப் பக்கம் மாட்டச் சொல்லுங்கள்; உப்புக்காற்று நேராகப் படும் பெட்டி விரைவில் அரித்துவிடும்.